அனுப்பலாமா என்று கேட்ட காலம்

2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வேலை பார்த்தவர்கள் அந்தச் சிறு பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதோ மென்பொருள் திடீரென்று படுத்துவிடும். உடனே திரையின் நடுவில் ஒரு பெட்டி எழும். சிக்கல் ஏற்பட்டதால் இந்த மென்பொருளை மூட வேண்டியிருக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம், நடந்ததை மைக்ரோசாஃப்டுக்குத் தெரிவியுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். கீழே இரண்டு பொத்தான்கள்: ஒன்று பிழை அறிக்கையை அனுப்ப, மற்றது அனுப்பாமல் விட. இரண்டும் அருகருகே இருக்கும். அறிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க ஓர் இணைப்பும் அதே பெட்டியில் உண்டு. எரிச்சலில் பலர் அனுப்பாமலே மூடினார்கள், பலர் அனுப்பினார்கள். இயங்குதளங்கள் தரவு திரட்டுவதைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதிலேயே நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டு வரலாற்றை வரிசையாகப் பார்த்தால், அளவைவிடப் பெரிய மாற்றம் அந்தக் கேள்வி மறைந்துபோனதுதான் என்று தெரிகிறது. கேட்டு வாங்கும் வழக்கம் அதன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. அதைக் கைவிடும்படி தொழில்நுட்பம் கட்டாயப்படுத்தவில்லை. வியாபாரம் மாறியது, வழக்கம் கைவிடப்பட்டது.

எக்ஸ்பிக்கு முன்னாலும் ஒரு காலம் இருந்தது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95இல் மோடம் வழியாகப் பெயரைப் பதிவுசெய்துகொள்ளும் வசதி இருந்தது. அது கணினியில் உள்ள மென்பொருள்களைத் தேடிப் பட்டியலிட்டு, இதையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்டது. போட்டியாளர்களின் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் வேவு பார்க்கிறது என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. கேட்ட பிறகுதான் அனுப்புகிறோம் என்பதே நிறுவனத்தின் பதில். அந்தப் பதிலில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 98இல் அந்த நியாயம் உடைந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த நிரலாளர் ரிச்சர்ட் ஸ்மித் 1999 மார்ச்சில் ஒன்றைக் கண்டுபிடித்தார். வன்பொருள் விவரம் அனுப்ப வேண்டாம் என்று பயனர் சொன்ன பிறகும், அந்தக் கணினிக்கே உரிய அடையாள எண் ஒன்று பதிவின்போது போய்க்கொண்டிருந்தது. ஆஃபிஸ் 97இல் உருவாக்கிய கோப்புகளுக்குள்ளும் கணினியின் நெட்வொர்க் அட்டை முகவரியைக் கொண்ட எண் பதிந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லாத கடிதமும் எந்த இயந்திரத்தில் பிறந்தது என்பதைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றியது. மைக்ரோசாஃப்ட் இதைப் பிழை என்று ஒப்புக்கொண்டது. திருத்துவதாகவும், அப்படிச் சேர்ந்த எண்களை அழிப்பதாகவும் அறிவித்தது. அதே ஆண்டு ஜனவரியில் இன்டெல், பென்டியம் 3 சில்லு ஒவ்வொன்றிலும் மென்பொருள் படிக்கக்கூடிய வரிசை எண் இருக்கும் என்று அறிவித்தபோது, உரிமை அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைத்தன. எண்ணை முடக்கிவைக்க வழி செய்வதாக இன்டெல் இறங்கி வந்தது. பென்டியம் 4இல் அந்த எண் இல்லை.

இந்த அடையாள எண்களுக்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உடனே கிடைத்தது. 1999 மார்ச் 26 அன்று மெலிசா வைரஸ் பரவியபோது, அது வந்த வேர்ட் கோப்பில் பதிந்திருந்த எண்ணை வைத்து அதன் மூலத்தைத் தேடியவர்களில் அதே ரிச்சர்ட் ஸ்மித்தும் ஒருவர். குற்றவாளியைப் பிடிக்க உதவுகிறது என்றால் அந்த எண் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சிலர் கேட்டார்கள். ஆனால் வைரஸை எழுதியவர் நியூ ஜெர்சியில் கைதாக முக்கியக் காரணமாக இருந்தது, வைரஸ் முதலில் அனுப்பப்பட்ட கணக்கு பற்றி இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் காவல்துறைக்குக் கொடுத்த தகவல். சட்டப்படி கேட்டுப் பெறக்கூடிய ஒரு தடயம் வேலையைச் செய்தது. கோடிக்கணக்கான நேர்மையான கடிதங்களில் யாருக்கும் தெரியாமல் முத்திரை குத்திவைத்திருக்க அந்த வழக்கு ஆதாரமாகாது.

இந்தச் சூட்டைக் கண்ட பிறகு வந்ததுதான் எக்ஸ்பியின் பெட்டி. அதன் பின்னால் இருந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் பாதி பலம் அங்கேதான் இருக்கிறது. ஒரு மென்பொருள் விழுந்தால், அதன் பெயர், பதிப்பு, எந்தக் கூறின் எந்த இடத்தில் விழுந்தது ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு முத்திரை உருவாகும். ஒரே முத்திரை உள்ள அறிக்கைகள் சர்வரில் ஒரே கூடையில் விழும். கூடையில் எத்தனை சேர்ந்தன என்று எண்ணினாலே எந்தப் பிழையை முதலில் சரிசெய்வது என்று தெரிந்துவிடும். நினைவகத்தின் நகல் போன்ற கூடுதல் விவரத்தை, பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட கூடைகளுக்கு மட்டுமே கேட்டார்கள். போதுமான அளவு வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். இதைக் கட்டியவர்களே 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் பத்தாண்டு அனுபவத்தை விவரித்திருக்கிறார்கள். நூறு கோடி கணினிகளைக் கொண்ட பரப்பிலிருந்து பல நூறு கோடி அறிக்கைகள் சேர்ந்தன என்று அதில் சொல்கிறார்கள். சம்மதம் கேட்டுக்கொண்டே சேர்ந்தவை அவை. அதற்கு முன்பே, 2002 அக்டோபரில், அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் இந்த அறிக்கைகள் சொன்ன பாடத்தை எழுதினார்: 20 சதவீதப் பிழைகளே 80 சதவீதச் சிக்கல்களுக்குக் காரணம், ஒரு சதவீதப் பிழைகளே பாதிச் சிக்கல்களுக்குக் காரணம். ஒரு சதவீதம் பாதியை விளைவிக்கிறது என்றால், அந்த ஒரு சதவீதத்தைக் கண்டுபிடிக்க எல்லாருடைய கணினியும் வேண்டியதில்லை. விரும்பி அனுப்புகிறவர்களில் ஒரு பங்கு போதும்.

விழுவதைப் பற்றிய தகவல் சரி, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். அதற்கும் முன்னுதாரணம் உண்டு. ஆஃபிஸ் 2003இல் அனுபவ மேம்பாட்டுத் திட்டம் ஒன்று இருந்தது. விரும்பியவர்கள் மட்டும் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் எந்தக் கட்டளையை எத்தனை முறை தட்டினார்கள் என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் ஆஃபிஸ் 2007இன் ரிப்பன் என்ற கட்டளைப் பட்டை வடிவமைக்கப்பட்டது. அந்த வேலையில் இருந்த ஜென்சன் ஹாரிஸ் 2006இல் சில எண்களை வெளியிட்டார். வேர்டில் தட்டப்படும் கட்டளைகளில் ஒட்டு என்பது மட்டுமே 11 சதவீதத்துக்கு மேல். ஒட்டு, சேமி, நகலெடு, மீள், தடித்த எழுத்து ஆகிய ஐந்தும் சேர்ந்து ஏறத்தாழ 32 சதவீதம். ஆஃபிஸின் முகத்தையே மாற்றி எழுதிய முடிவுகள், கேட்டு வாங்கிய தரவிலிருந்து பிறந்தவை. விரும்பிச் சேர்கிறவர்கள் எல்லாரையும் பிரதிநிதித்துவம் செய்ய மாட்டார்கள் என்ற ஆட்சேபம் புள்ளியியலில் சரியானதுதான். தயங்குகிறவர்கள், அலுவலக விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் அதில் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் அந்தச் சாய்வு தெரிந்த சாய்வு. தெரிந்த சாய்வைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் புள்ளியியலாளர்களுக்கு வழிகள் உண்டு. தேர்தல் கருத்துக்கணிப்பில் பதில் சொல்ல மறுக்கிறவர் வீட்டுக்குள் புகுந்து யாரும் பதிலை எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி ஒரே நாளில் மறையவில்லை, தேய்ந்து தேய்ந்து மறைந்தது. 2006 கோடையில், திருட்டு விண்டோஸைக் கண்டறியும் நிரல் ஒன்று முக்கிய அப்டேட் என்ற பெயரில் இறங்கியது. அது தினமும் மைக்ரோசாஃப்டின் சர்வருடன் பேசுகிறது என்பது அம்பலமானது. எதிர்ப்பு எழுந்ததும் தினசரி அழைப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று குறைத்தார்கள். பாதுகாப்புக்கான அப்டேட் வழியாக வேறொரு காரியத்தை உள்ளே கொண்டுவரலாம் என்பதை அந்த நிகழ்வு காட்டிவிட்டது. 2007இல் கடைக்கு வந்த விஸ்டா, நிறுவும்போதே பரிந்துரைக்கும் அமைப்புகளை ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொள்ளச் சொன்னது. ஒவ்வொரு முறையும் கேட்ட கேள்வி, வாழ்நாளுக்கு ஒருமுறை கேட்கும் கேள்வியாகச் சுருங்கியது.

பெரிய திருப்பம் 2014, 2015இல் வந்தது. அதுவரை விண்டோஸ் பெட்டியில் விற்கும் பொருள். சில ஆண்டுகளுக்கு ஒரு பதிப்பு வரும். வெளியே போகும் முன் தனிச் சோதனையாளர்கள் அதை மாதக்கணக்கில் சோதிப்பார்கள். 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் 18,000 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. பெரும்பகுதி நோக்கியாவிலிருந்து வந்த கைபேசிப் பிரிவு என்றாலும், விண்டோஸ் பிரிவில் சோதனைக்கென்றே இருந்த பணியிடங்களும் குறைந்தன. எழுதுகிறவரே சோதிக்கட்டும், மீதியை வெளியே ஓடும் கணினிகள் சொல்லட்டும் என்ற முறை வந்தது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வெளியானது. முதல் ஓராண்டுக்கு விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு இலவசம். இனி இது ஓயாமல் புதுப்பிக்கப்படும் சேவை என்றார்கள். சம்பளம் வாங்கிய சோதனையாளரின் இடத்தில் சம்பளம் வாங்காத வாடிக்கையாளர் அமர்த்தப்பட்டார். அந்த ஏற்பாட்டில் வேண்டாம் என்று சொல்லும் பொத்தான் இடைஞ்சல்.

அதை எப்படி நீக்கினார்கள் என்பதை விண்டோஸ் 10இன் முதல் பதிப்பை நிறுவும்போது வரும் ஒரு திரையில் பார்க்கலாம். சீக்கிரம் தொடங்குவோம் என்ற தலைப்பு. கீழே வலப்பக்கம், விரைவு அமைப்புகளை ஏற்கும் பெரிய பொத்தான். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர், இடது ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரிய பொத்தானைத் தட்டினால், தட்டச்சும் கையெழுத்தும் பற்றிய தரவு, தொடர்புகளும் நாட்காட்டியும், விளம்பர அடையாள எண், இருப்பிடம், பிழை விவரங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சம்மதம் போய்விடும். சிறிய வரியைக் கண்டுபிடித்து அனைத்தையும் அணைத்தவருக்கும் முழு விடுதலை கிடைக்கவில்லை. கணினியிலிருந்து நிறுவனத்துக்குத் தானாகத் தரவு அனுப்பும் ஏற்பாட்டுக்கு டெலிமெட்ரி என்று பெயர். நான்கு படிகள் கொண்ட அந்த டெலிமெட்ரியில் வீட்டுப் பதிப்பும் புரோ பதிப்பும் அடிப்படை என்ற படிக்குக் கீழே இறங்க முடியாது. அதே ஆண்டில் விண்டோஸ் 7க்கும் 8.1க்கும்கூட டெலிமெட்ரியைச் சேர்க்கும் அப்டேட்கள் வந்தன. பழையதிலேயே இருந்துவிடுகிறேன் என்றவரையும் புதிய வழக்கம் தேடிவந்தது.

ஐரோப்பாவில் சட்டம் இருந்ததால் அங்கே கேள்வி எழுந்தது. பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், 2016 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்த எச்சரிக்கையை வெளியிட்டது. எந்தெந்தச் செயலிகளை நிறுவியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் செலவழிக்கிறார் என்பதெல்லாம் இயங்குதளம் ஓடத் தேவையற்ற தரவு என்றும், விளம்பர எண் கேட்காமலே இயக்கப்பட்டிருக்கிறது என்றும் அது சொன்னது. 2017 ஜூனில் வழக்கை முடித்துக்கொண்டபோது ஆணையம் ஒரு விவரத்தைக் குறிப்பிட்டது: அடிப்படைப் படியில் சேரும் தரவின் அளவை நிறுவனம் ஏறத்தாழ பாதியாகக் குறைத்திருந்தது. இதைவிடத் தெளிவான சான்று இந்த வரலாற்றில் இல்லை என்றே நினைக்கிறேன். இதற்குக் கீழே போனால் இயங்காது என்று வைத்திருந்த அடிப்படையில் பாதி, ஓர் ஆணையம் கேட்டதும் இல்லாமல் போனது. விண்டோஸ் தொடர்ந்து ஓடியது. அதே 2017 அக்டோபரில் நெதர்லாந்தின் ஆணையம், 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் உள்ள தன் நாட்டில் வீட்டுப் பதிப்பும் புரோ பதிப்பும் தரவுச் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. எந்தத் தரவு எதற்குப் போகிறது என்று தெளிவாகச் சொல்லாதபோது பயனர் தந்தது செல்லுபடியாகும் சம்மதமே இல்லை என்பது அதன் வாதம்.

இதற்கெல்லாம் நிறுவனங்கள் தரும் பதில் தரம். உலகில் எண்ணற்ற வகைக் கணினிகள், எண்ணற்ற வகை டிரைவர்கள். எல்லாவற்றிலிருந்தும் செய்தி வராவிட்டால் நம்பகமான அப்டேட் தர முடியாது என்கிறார்கள். இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தவறான அப்டேட் மருத்துவமனையையும் வங்கியையும் ஒரே நேரத்தில் முடக்கக்கூடிய காலம் இது. ஆனால் 2018 அக்டோபர் என்ன சொல்கிறது? அந்த மாத அப்டேட்டை நிறுவிய சிலரின் ஆவணங்கள் அழிந்துபோயின. வெளியிட்ட சில நாட்களில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மீண்டும் விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவே என்றது நிறுவனம். வருத்தமான செய்தி வேறு. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்த சாதாரணப் பயனர்கள் சிலர், கோப்புகள் காணாமல் போகின்றன என்று தங்கள் கையால் எழுதி முன்பே தெரிவித்திருந்தார்கள். கேட்காமல் எடுத்த தரவுக் கடல், விரும்பி எழுதிக் கொடுத்த அந்தச் சில வரிகளைக் காப்பாற்றவில்லை. மிகுதியாகச் சேர்ப்பவருக்கு எதைக் கவனிப்பது என்பதே சிக்கலாகிறது.

அடுத்த ஆட்சேபம், இது வெறும் தொழில்நுட்பத் தகவல், இதனால் யாருக்கு என்ன கேடு என்பது. எந்த டிரைவர், எந்தப் பதிப்பு, எந்த இடத்தில் விழுந்தது: இதில் அந்தரங்கம் எங்கே? 2013 டிசம்பர் இறுதியில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ் பதில் தந்தது. கசிந்த ஆவணங்களின்படி, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை விண்டோஸ் பிழை அறிக்கைகளை வழிமறித்துப் படித்து, குறிவைத்த கணினியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொண்டது. எங்கே பலவீனம் என்று தயாரிப்பாளருக்குச் சொல்லும் கடிதம், நடுவில் படிப்பவருக்கும் அதையே சொல்லும். நல்ல நோக்கத்தோடு கட்டிய, சம்மதம் கேட்ட ஏற்பாட்டிலேயே இந்த ஆபத்து இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால்தான் கேட்காமல், ஓயாமல் அனுப்பும் ஏற்பாட்டில் அது பன்மடங்காகிறது. 2018 நவம்பரில் நெதர்லாந்து அரசுக்காகச் செய்த ஆய்வு அளவையும் காட்டியது. ஆஃபிஸ் மென்பொருளிலிருந்து 23,000 முதல் 25,000 வகை நிகழ்வுகள் அனுப்பப்படுவதாகவும், 20 முதல் 30 பொறியாளர் குழுக்கள் அதைக் கையாள்வதாகவும் அது சொன்னது. விண்டோஸ் 10க்கு அந்த எண்ணிக்கை 1,000 முதல் 1,200 வகைகள்தான். இயங்குதளத்தைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் அதன்மேல் ஓடும் வேர்டைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள்.

மைக்ரோசாஃப்டை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 2012 அக்டோபரில் கட்டற்ற இயங்குதளமான உபுண்டுவின் 12.10 பதிப்பு, தன் கணினியில் உள்ள கோப்பைத் தேடுபவர் தட்டிய சொற்களை வெளியே அனுப்பி, அமேசான் பொருள்களையும் முடிவுகளோடு காட்டியது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே கண்டித்தார். 2016இல்தான் அது இயல்பாக அணைக்கப்பட்ட நிலைக்கு வந்தது. மூல நிரல் திறந்திருந்தாலும், கேட்காமல் எடுக்கும் பழக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். 2011 ஏப்ரலில் ஐபோனில், மாதக்கணக்கில் சென்ற இடங்களின் சுவடு சங்கேதமாக்கப்படாத ஒரு கோப்பில் கிடந்தது தெரியவந்தது. 2020 நவம்பர் 12 அன்று, புதிய மேக் இயங்குதளம் வெளியான நாளில், ஆப்பிளின் சர்வர் ஒன்று திணறியதும் உலகெங்கும் மேக்குகளில் செயலிகள் திறக்க மறுத்தன. ஒவ்வொரு செயலியும் திறக்கும்போது அதை உருவாக்கியவரின் சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று மேக் ஆப்பிளிடம் விசாரிக்கிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. தீய நிரலைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த விசாரிப்போடு ஐபி முகவரியும் பதிவாகிக்கொண்டிருந்தது. இனிப் பதிய மாட்டோம் என்று ஆப்பிள் பிறகு சொன்னது. கைபேசிகளின் நிலை இன்னும் மோசம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021இல் அளந்தபோது, சும்மா கிடக்கும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தங்கள் நிறுவனத்தோடு பேசின. பகிர வேண்டாம் என்று அமைத்திருந்தும் பேசின. அவர் அளந்த முறையைக் கூகுள் மறுத்தது.

கேட்டாலும் யார் படிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தட்டிவிடப் போகிறார்கள் என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபம். இது மக்களைக் குறைத்து எடைபோடுகிறது. 2018இல் உபுண்டு 18.04, அனுப்பப்போகும் விவரத்தை முழுக்கத் திரையில் காட்டிவிட்டுக் கேட்டது. ஆம் என்பதுதான் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அப்படியும் சம்மதித்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர்தான் என்று உபுண்டுவைத் தயாரிக்கும் கனோனிக்கல் நிறுவனம் வெளியிட்டது. மீதிப் பேர் நின்று, படித்து, மாற்றியிருக்கிறார்கள். திட்டமும் சாகவில்லை, மூன்றில் இரண்டு பங்குத் தரவு தாராளமாகவே போதுமானது. 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட், சில நொடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துவைக்கும் ரீகால் வசதியை அறிவித்தது. படங்கள் கணினியிலேயே இருக்கும் என்றார்கள். பயனர் உள்நுழைந்திருக்கும்போது அந்தத் தரவுத்தளத்தை எந்த நிரலும் எளிதாகப் படிக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜூன் 7 அன்று, விரும்பியவர் மட்டுமே இயக்கும் வசதியாக அது மாற்றப்பட்டது. ஆறு நாளில் வெளியீடே தள்ளிப்போடப்பட்டது. பொதுமக்கள் கைக்கு வர 2025 ஏப்ரல் ஆனது. கேள்வியைத் திரும்பக் கொண்டுவர முடியும், வந்தால் வசதியும் முன்பைவிடக் கட்டுக்கோப்பாக வரும் என்பதற்கு அந்தப் பதினோரு மாதங்கள் சான்று.

தேவை என்ற வாதத்தை முற்றாக அடித்துவிடும் விவரம் 2015 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10இன் நான்கு படிகளில் அடிப்படைக்கும் கீழே பாதுகாப்பு என்றொரு படி உண்டு. பெரு நிறுவனங்களுக்கான பதிப்பையும் கல்விக்கான பதிப்பையும் வாங்கியவர்களுக்கு மட்டும் அது திறக்கும். 2017 மே மாதத்தில் சீன அரசுக்கென்று தனிப் பதிப்பே அறிவித்தார்கள்; டெலிமெட்ரியைக் கட்டுப்படுத்துவது அரசின் கையில் இருக்கும் என்பது அதன் சிறப்புகளில் ஒன்று. பெரு நிறுவனப் பதிப்பை வாங்கிய வங்கியின் ஆயிரக்கணக்கான கணினிகள் பாதுகாப்புப் படியில் அப்டேட் பெறுகின்றன, வைரஸிலிருந்து காக்கப்படுகின்றன, ஓடுகின்றன. ஆகவே பொத்தான் இருக்கிறது. நிரலில் எழுதி, சோதித்து, வேலை செய்யும் நிலையில் இருக்கிறது. மொத்தமாக உரிமம் வாங்கப் பேரம் பேசும் வலிமை உள்ளவர்களுக்கு அது காட்டப்படுகிறது. மகளின் படிப்புக்காகத் தவணையில் மடிக்கணினி வாங்குகிறவருக்கு மறைக்கப்படுகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது சுதந்திரமானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இங்குள்ள ஒழுங்குமுறையாளர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்ல வேண்டியதில்லை. வங்கிக்குக் கொடுத்த அதே படியை வீட்டுப் பதிப்பின் அமைப்புகளிலும் திறந்துவிடச் சொன்னால் போதும்.